பேசாத பிடிஎஃப்: ஸ்கேன் செய்த பாடக் குறிப்புகளைத் திரைவாசிப்பான் படிக்கும்படி மாற்றுவது எப்படி?

பதிவு 1: வரலாற்று ஆசிரியை, தண்டையார்பேட்டை

அனைவருக்கும் வணக்கம். வடசென்னையில் உள்ள ஒரு கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். இந்த ஆண்டு முதுகலை வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர் சேர்ந்திருக்கிறார். மடிக்கணினியில் என்விடிஏ, கைப்பேசியில் டாக்பேக் என்று, திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான்களை வைத்துக்கொண்டு, எங்களில் பலர் கண்ணால் படிப்பதைவிட வேகமாகக் காதால் படிப்பவர். நாங்கள் கொடுத்த பாடக் குறிப்புகள்தான் அவருக்குத் தடையாக நிற்கின்றன.

எங்கள் துறையில் ஐந்து தாள்களுக்கான குறிப்புகள் பல ஆண்டுகளாகக் கைமாறி வந்தவை. சில தட்டச்சுப் பிரதிகள், சில டிடிபி செய்து அச்செடுத்தவை, சில பழைய நூல்களிலிருந்து எடுத்த ஜெராக்ஸ். கோடை விடுமுறையில் அனைத்தையும் மின்ட் பக்கம் ஒரு கடையில் கொடுத்து ஸ்கேன் செய்து, ஐந்து பிடிஎஃப் கோப்புகளாக வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். மற்றவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. இவர் திறந்தபோது, ஆவணம் காலியாக உள்ளது என்று அறிவித்துவிட்டுத் திரைவாசிப்பான் அமைதியாகிவிட்டது. நானூறு பக்கத்துக்கு மேல் உள்ள கட்டு அவரைப் பொறுத்தவரை வெற்றுத் தாள்.

பிறகு, படத்தில் உள்ள எழுத்தை அறிந்து கணினி எழுத்தாக மாற்றும் எழுத்துணரி (ஓசிஆர்) தளம் ஒன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்க, அதில் முதல் தாளை ஏற்றி, வந்த எழுத்தை அப்படியே அவருக்கு அனுப்பினேன். மூலத்தில் இருந்த வரி இது: "1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது." எழுத்துணரி தந்தது இது: "1978 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர சங்கம் தொடங்கப்படடது." புள்ளிகள் இரண்டு விழுந்திருந்ததை நான் கவனித்தேன், ஆண்டு மாறியிருந்ததைக் கவனிக்கவில்லை. மாணவர்தான் கேட்டார்: "மேடம், சங்கம் 1978இல் தொடங்கியது என்றால், அடுத்த பத்தியில் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தம் 1921 என்று எப்படி வருகிறது?" அவர் அதைப் பிடித்துவிட்டார், வேறு எத்தனை இடங்களில் பிடிக்க முடியாமல் போயிருக்கும் என்று நினைத்தபோது எனக்குச் சங்கடமாகிவிட்டது.

பருவத் தேர்வுக்கு இன்னும் பத்து வாரங்கள் இருக்கின்றன. இதை முறையாகச் செய்வது எப்படி, எந்த மென்பொருளை நம்பலாம், மெய்ப்புப் பார்ப்பதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டியிருக்கும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதிவு 2: ஓய்வுபெற்ற நூலகர், பெரம்பூர்

அம்மா, மென்பொருளுக்குப் போவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பிடிஎஃப் என்ற ஒரே பெயரில் மூன்று வகைக் கோப்புகள் உலவுகின்றன. முதல் வகை, தாளைப் படம் பிடித்து உறையில் போட்டது. அதில் எழுத்தே கிடையாது. இரண்டாம் வகை, படத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்துப் படலம் ஒன்றை எழுத்துணரி விரித்து வைத்தது. கண் படத்தைப் பார்க்கும், திரைவாசிப்பான் படலத்தைப் படிக்கும். மூன்றாம் வகை, கணினியில் தட்டச்சு செய்த ஆவணத்திலிருந்து நேராக உருவானது. எது எந்த வகை என்று அறிய, ஒரு சொல்லின் மேல் சுட்டியை இழுத்துத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். ஒன்றும் ஒட்டவில்லை என்றால் முதல் வகை. ஒட்டியது படிக்கத் தக்க தமிழாக இருந்தால் மட்டுமே மற்ற இரண்டில் ஒன்று. ஒட்டியது ஆங்கில எழுத்துக் குப்பையாக இருந்தால் அது வேறொரு தலைவலி. அதைப் பற்றித் தெரிந்த நண்பர் ஒருவர் இங்கே இருக்கிறார், அவரே எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன்.

இரண்டாவதாக, எழுத்துணரி கொடுப்பது வரைவுப்படிதான். பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் இணையத்தில் எழுத்தாக்கும் தமிழ் விக்கிமூலத்தில் பங்களிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே எழுத்துணரி வழியாக வந்த பக்கம் முதலில் சிவப்பில் நிற்கும். ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சளாகும். மற்றொருவர் மீண்டும் சரிபார்த்தால்தான் பச்சையாகும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலோ தன்னார்வலர்கள் இலக்கியங்களைக் கையால் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்தே வெளியிட்டார்கள். கருவி எதுவானாலும் ஒரு மனிதர் மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்க்கும் வேலையை யாரும் தவிர்த்ததில்லை. நீங்கள் அனுப்பியது சிவப்பு நிலையில் இருந்த பக்கம். அதை அனுப்பியதில் தவறில்லை, சிவப்பு என்று சொல்லாமல் அனுப்பியதுதான் தவறு.

பதிவு 3: பார்வையற்ற ஆய்வு மாணவர், இராயபுரம்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். மறுமுனையில் இருந்து கேட்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

எழுத்துணரிப் பிழைகள் எல்லாம் எங்களுக்கு ஒரே அளவு தொல்லை தருபவை அல்ல. "தொடங்கப்படடது" என்று வந்தால் காதில் உடனே நெருடும். நெருடினால் பிழை என்று தெரியும். தெரிந்தால் மனம் தானே திருத்திக்கொண்டு மேலே போய்விடும். 1918 என்பது 1978 ஆனால் நெருடாது. அது நல்ல தமிழில், தெளிவான குரலில், எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் தவறைச் சொல்லும். கண்ணால் படிப்பவருக்கு மங்கிய எழுத்து, மடங்கிய மூலை, ஜெராக்ஸ் கறை என்று சந்தேகிக்கச் சில அடையாளங்கள் இருக்கும். எங்களுக்கு அறிஞர் எழுதியதும் இயந்திரம் உளறியதும் ஒரே குரலில்தான் வரும். ஆகவே மெய்ப்புப் பார்க்க நேரம் குறைவு என்றால், முதலில் எண்களையும் பெயர்களையும் பாருங்கள்.

அடுத்தது "கௌரவம்" போன்ற சொற்கள். எழுத்துணரி பெரும்பாலும் இதைக் "கெளரவம்" என்று தந்துவிடும். இரண்டையும் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. முதலாவதில் இருப்பது க என்ற எழுத்தும் ஔகாரக் குறியும். இரண்டாவதில் இருப்பது கெ, ள என்று தனித்தனி எழுத்துகள். என் திரைவாசிப்பான் இரண்டாவதைக் கெ-ள-ரவம் என்று உச்சரிக்கும். "சௌந்தரம்", "பௌத்தம்", "மௌனம்" எல்லாவற்றுக்கும் இதே கதி. உங்கள் தாளில் பௌத்தம் பற்றிய பாடம் இருந்தால், கோப்பு முழுவதும் "பெள" என்பதைத் தேடி, ஒவ்வொன்றையும் பார்த்து மாற்றிவிடுங்கள். "ஔவை"யும் அப்படித்தான் "ஒளவை" ஆகிவிடுவார்.

இன்னொன்று, பக்கத்தின் தலையிலும் காலிலும் அச்சாகியிருக்கும் தாளின் பெயர், துறையின் பெயர், பக்க எண் ஆகியவை. கண்ணால் படிப்பவர்கள் இவற்றைத் தாண்டிச் செல்வதை உணர்வதுகூட இல்லை. நானோ ஒவ்வொரு பக்கத்திலும், பல வேளைகளில் ஒரு வாக்கியத்தின் நடுவே, அதைக் கேட்டே ஆக வேண்டும். நூறு பக்கத் தாளில் நூறு முறை. தலைப்பு வரியை நீக்கிவிடுங்கள். பக்க எண்ணை மட்டும் "பக்கம் 14" என்று தனி வரியில் வைத்திருங்கள். வகுப்பில் நீங்கள் "பதினான்காம் பக்கத்தை எடுங்கள்" என்று சொல்லும்போது மற்றவர்களோடு நானும் எடுக்க வேண்டும் அல்லவா?

பதிவு 4: மென்பொருள் பணியாளர், வியாசர்பாடி

கருவியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் பயன்படுத்துவது டெஸராக்ட் என்ற எழுத்துணரி. ஹியூலெட் பேக்கர்டு நிறுவனத்தில் 1985 முதல் 1994 வரை உருவாக்கப்பட்டு, 2005இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. 2018இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து நரம்பியல் வலையமைப்பைக் கொண்டு வரி வரியாகப் படிக்கிறது. தமிழுக்கான பயிற்சித் தரவு இலவசமாகக் கிடைக்கும். அதிலும் வேகமானது, சிறந்தது என்று இரண்டு வகைகள் உண்டு. நானூறு பக்கம் என்பது பெரிய அளவல்ல, ஆகவே சிறந்ததையே இறக்கிக்கொள்ளுங்கள். அதன் மேல் ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற கட்டற்ற கருவியைப் பொருத்தினால், ஸ்கேன் கோப்பைக் கொடுத்து, நூலகர் ஐயா சொன்ன இரண்டாம் வகைக் கோப்பாகத் திரும்பப் பெறலாம். அறிந்த எழுத்தைத் தனி உரைக் கோப்பாகவும் கூடவே எடுத்துக்கொள்ளலாம். குறிப்புகளில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மொழியாகத் தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். தமிழை மட்டும் கொடுத்தால் ஆங்கிலப் பெயர்களை எல்லாம் அது தமிழ் எழுத்தாகவே பார்க்க முயன்று அலங்கோலமாக்கும்.

கருவியைவிட ஸ்கேன்தான் முக்கியம். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பது குறைந்தபட்சத் தேவை. ஏ4 தாள் என்றால் 2480க்கு 3508 படப்புள்ளிகள். கடைக்காரர்கள் கோப்பின் அளவைக் குறைப்பதற்காக 150இல் எடுத்துவிடுவதுண்டு. ஆங்கிலத்துக்கு அதுகூட ஓரளவு தாங்கும். தமிழில் க என்பதற்கும் க் என்பதற்கும் இடையே இருப்பது ஒரு புள்ளி. எ, ஏ ஆகியவற்றுக்கு இடையே இருப்பது ஒரு சிறு கீற்று. அவை மங்கினால் சொல்லே மாறிவிடும்.

இதில் நான் பட்டு அறிந்த ஒன்றைச் சொல்கிறேன். ஸ்கேன் பக்கங்களில் உள்ள தூசு, கறை ஆகியவற்றை அகற்றும் வசதி பல கருவிகளில் உண்டு. ஒரு நண்பருக்காக ஒரு புத்தகத்தைத் தயாரித்தபோது, பக்கம் பளிச்சென்று இருக்கட்டும் என்று அதை முடுக்கிவிட்டேன். பக்கம் பளிச்சென்றுதான் வந்தது. ஆனால் மெய்யெழுத்துகளில் பாதி உயிர்மெய்யாகியிருந்தன. புள்ளிகளைத் தூசு என்று எண்ணி அந்த வசதி பெருக்கித் தள்ளியிருந்தது. கோணலை நிமிர்த்தும் வசதியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். தூசு தட்டும் வசதியைத் தமிழ்ப் பக்கங்களில் தொடாதீர்கள். முழுக் கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்யாமல் சாம்பல் நிறச் சாயலோடு எடுப்பதும் இதே காரணத்துக்காகத்தான். இன்னொன்று, பக்கங்களைக் கைப்பேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும்.

பதிவு 5: பட்டதாரி இளைஞர், திருவொற்றியூர்

இவ்வளவு பாடு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் பக்கத்தின் படத்தைக் கொடுத்தால் பிழையே இல்லாமல் தட்டச்சு செய்து தந்துவிடுகின்றனவே? நான் முயன்று பார்த்த இரண்டு பக்கங்களும் மிக அழகாக வந்தன. டெஸராக்ட் எல்லாம் பழைய காலத்துக் கருவி.

பதிவு 6: பார்வையற்ற ஆய்வு மாணவர், இராயபுரம்

தம்பி, அந்த அழகைத்தான் நான் அஞ்சுகிறேன். நானும் அவற்றைப் பயன்படுத்துகிறேன். கடிதம், ரசீது, மருந்துச் சீட்டின் தலைப்பு போன்றவற்றுக்கு மிகவும் உதவுகின்றன. ஆனால் பழைய எழுத்துணரி தவறினால் எழுத்துப்பிழையாகத் தவறும். இவை தவறினால் வாக்கியமாகத் தவறும். ஜெராக்ஸில் ஒரு வரி கறுத்துப்போயிருந்தால், டெஸராக்ட் அந்த இடத்தில் உளறும். இவை அந்த இடத்தில் பொருத்தமாகத் தோன்றும் வேறொரு வரியை எழுதி வைத்துவிடக்கூடும். மூலத்தில் இல்லாத அந்த வரியை நான் தேர்வில் எழுதுவேன். நீங்கள் பார்த்த இரண்டு பக்கங்களையும் மூலத்தோடு வரி வரியாக ஒப்பிட்டீர்களா, அல்லது படித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்தீர்களா?

பதிவு 7: பட்டதாரி இளைஞர், திருவொற்றியூர்

படித்துத்தான் பார்த்தேன், அண்ணா. இப்போது ஒப்பிட்டேன். ஒரு பக்கத்தில் பிழை இல்லை. மற்றொன்றில் "கூறலாயினர்" என்பது "கூறினார்கள்" என்று மாறியிருக்கிறது. அடிக்குறிப்பு ஒன்று முழுவதுமாகக் காணவில்லை.

பதிவு 8: டிடிபி கடை வைத்திருப்பவர், பழைய வண்ணாரப்பேட்டை

நூலகர் ஐயா என்னைத்தான் குறிப்பிட்டார் என்று நினைக்கிறேன். முப்பது ஆண்டுகளாகக் கல்லூரிக் குறிப்புகள், திருமண அழைப்பிதழ், சங்க மலர் என்று தட்டச்சு செய்துவரும் எனக்கு இந்த இழையைப் படித்தபோது ஒரு கேள்விதான் எழுந்தது. அம்மா, டிடிபி செய்து அச்செடுத்தவை என்று சொன்னீர்களே, அந்த டிடிபி கோப்புகள் எங்கே? கோப்பிலிருந்து அச்செடுத்து, அச்சை ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸை ஸ்கேன் செய்து, ஸ்கேனை எழுத்துணரியிடம் கொடுத்து மீண்டும் கோப்பாக்கப் பார்க்கிறீர்கள். காசிமேட்டில் மீன் கிடைக்கும்போது கோயம்பேட்டுக்கு ஏன் போக வேண்டும்? தட்டச்சு செய்த கடையைத் தேடிப் பிடியுங்கள். எங்களைப் போன்றவர்கள் எதையும் எளிதில் அழிப்பதில்லை. பழைய வன்தட்டு எங்காவது மேசைக்கு அடியில் கிடக்கும்.

ஆனால் கிடைக்கும் கோப்பு அப்படியே பேசிவிடாது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒருங்குறி (யுனிகோடு) குறியாக்கம் பரவலாவதற்கு முன் நாங்கள் பயன்படுத்திய எழுத்துருக்கள் எல்லாம் ஒருவகை மாறுவேடங்கள். பாமினி எழுத்துருவில் "அம்மா" என்று திரையில் தெரியும். கோப்பின் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைக் குறிகள்தான். திரைவாசிப்பான் பார்ப்பது உள்ளே இருப்பதை. அதனால் அது "அம்மா" என்று சொல்லாமல் அந்த ஆங்கில எழுத்துகளையே ஒப்பிக்கும். இத்தகைய கோப்பிலிருந்து உருவான பிடிஎஃப்தான் நகலெடுத்து ஒட்டினால் குப்பையாக வருவது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்று இரண்டு குறியாக்கங்கள் தரப்படுத்தப்பட்டன. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. ஆனாலும் டிடிபி கடைகளில் பழைய எழுத்துருக்கள் அதற்குப் பிறகும் நெடுநாள் ஓடின, என் கடையில் இன்னும் ஓடுகின்றன.

இவற்றை ஒருங்குறிக்கு மாற்ற என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. எந்தக் குறியாக்கம் என்று சரியாகச் சொல்லிவிட்டால் நொடியில் மாற்றிவிடும்; ஒற்றைக்கொம்பு, கால் ஆகியவற்றையும் உரிய வரிசையில் அடுக்கிவிடும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பாமினி போன்றவை ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்திருப்பதால், இடையில் வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களையும் மாற்றி பொருளற்ற தமிழாக்கிவிடும். அவற்றை மட்டும் கையால் திருத்த வேண்டும். எழுத்துணரிப் பிழையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. முக்கியமாக, எண்கள் மாறாது.

பதிவு 9: மென்பொருள் பணியாளர், வியாசர்பாடி

அண்ணன் சொன்னதோடு ஒரு சிறு எச்சரிக்கை. பழைய எழுத்துருவில் உருவான பிடிஎஃப் மட்டுமே கிடைத்து, அதை ஓசிஆர்மைபிடிஎஃபிடம் கொடுத்தால், ஏற்கெனவே எழுத்து இருக்கிறது என்று சொல்லி அது மறுத்துவிடும். அந்தக் குப்பையையும் எழுத்தாகவே அது கருதுகிறது. எழுத்துள்ள பக்கங்களைத் தாண்டிச் செல் என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுத்தால் சண்டை இல்லாமல் முடியும், ஆனால் குப்பை குப்பையாகவே இருக்கும். கட்டாயமாக எழுத்தறியச் சொல்லும் விருப்பத்தைக் கொடுங்கள். பக்கத்தைப் படமாக்கி முதலிலிருந்து படிக்கும்.

பதிவு 10: வரலாற்று ஆசிரியை, தண்டையார்பேட்டை

இரண்டு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

டிடிபி கோப்புகளைத் தேடும் யோசனை எங்கள் துறையில் யாருக்குமே தோன்றாதது வெட்கக்கேடு. பழைய பேராசிரியர் ஒருவரை விசாரித்ததில் கடையின் அடையாளம் கிடைத்தது. கடை மூடப்பட்டிருந்தாலும் உரிமையாளர் அதே தெருவில் இருந்தார். இரண்டு தாள்கள் பேஜ்மேக்கர் கோப்பாகவும் ஒன்று வேர்டு கோப்பாகவும் கிடைத்தன. மூன்றையும் ஒருங்குறிக்கு மாற்றி, ஆங்கிலச் சொற்களைத் திருத்தி முடிக்க மூன்று மாலைகள் ஆயின. ஐந்தில் மூன்று தாள்கள் எழுத்துணரியே இல்லாமல் முடிந்துவிட்டன.

மீதி இரண்டில் ஒன்று தட்டச்சுப் பிரதி. அதைத் துறையில் இருந்த மூலப் பிரதியிலிருந்தே 300 புள்ளியில் மீண்டும் ஸ்கேன் செய்து டெஸராக்டிடம் கொடுத்தோம். முதல் முயற்சியோடு ஒப்பிடவே முடியாத அளவு நன்றாக வந்திருக்கிறது. மாணவர்கள் எட்டுப் பேர் இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க மற்றவர் திரையில் திருத்துகிறார். நானும் ஒரு மாலை உட்கார்ந்தேன். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம் பிடிக்கிறது. ரவும் காலும் ஒரே வடிவத்தில் இருப்பதால் வரும் குழப்பமும், மு என்பது ழ ஆவதும்தான் அதிகம்.

ஐந்தாம் தாள்தான் பிடிகொடுக்கவில்லை. அது 1920களில் அச்சான ஒரு நூலின் ஜெராக்ஸ். அதில் ஆண்டுகள் தமிழ் எண்களில் இருக்கின்றன. ௧௯௨௧ என்பது எல்லா இடங்களிலும் "ககூஉக" என்று வந்திருக்கிறது. மாணவர் கேட்டுவிட்டு, "மேடம், இந்த நூலில் குயில் கூவுகிறது" என்றார்.

பதிவு 11: ஓய்வுபெற்ற நூலகர், பெரம்பூர்

குயில் கூவுவதற்குக் காரணம் வடிவ ஒற்றுமை. ௧ என்பது கவைப் போலவும், ௨ என்பது உவைப் போலவும், ௫ என்பது ருவைப் போலவும், ௭ என்பது எவைப் போலவும், ௮ என்பது அவைப் போலவும், ௯ என்பது கூவைப் போலவும் இருக்கும். இதைத் தானியங்கியாக மாற்ற முயலாதீர்கள். "உக" என்பது ஒரு சொல்லின் பகுதியாகவும் வரலாம். ஒருவர் மூலத்தைப் பார்த்து, இன்றைய எண்களில் எழுதி, கோப்பின் முதல் பக்கத்தில் "மூலத்தில் தமிழ் எண்கள் உள்ளன" என்று ஒரு குறிப்பு வைத்தால் போதும்.

அந்தக் காலத்து நூல் என்பதால் இன்னொரு தொல்லையும் இருக்கும். தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கை போன்ற வளைவோடும், ணா, றா, னா ஆகியவை சுழித்த ஒற்றை வடிவத்தோடும் இருக்கும். எழுத்துணரி பெரும்பாலும் இன்றைய வடிவங்களையே பார்த்துப் பழகியது. யானையின் துதிக்கையைக் கண்டதும் அது என்னவென்று தெரியாமல் கைக்கு வந்த எழுத்தைப் போட்டுவிடும். இத்தகைய நூலுக்கு, திருத்துவதைவிடப் புதிதாகத் தட்டச்சு செய்வது விரைவில் முடியும் என்பது என் அனுபவம். எத்தனை பக்கங்கள் பாடத்தில் இருக்கின்றன?

பதிவு 12: வரலாற்று ஆசிரியை, தண்டையார்பேட்டை

முப்பத்தெட்டு பக்கங்கள், ஐயா. தட்டச்சு செய்துவிடலாம். பழைய வண்ணாரப்பேட்டை அண்ணனிடமே கொடுத்துவிடுகிறேன், ஒருங்குறியில் அடித்துத் தருவார் என்றால்.

எங்கள் துறையில் ஒருவர், நூல்களின் பகுதிகளை இப்படிக் கோப்பாக்கிக் கொடுப்பது பதிப்புரிமைச் சட்டத்துக்கு எதிரானது அல்லவா என்று கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்வது?

பதிவு 13: ஓய்வுபெற்ற நூலகர், பெரம்பூர்

பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம் இதற்கென்றே 52ஆம் பிரிவில் ஒரு விலக்கைச் சேர்த்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் ஒரு படைப்பை அணுகுவதற்காக, அவர்கள் பயன்படுத்தத் தக்க வடிவில் அதை ஆக்கி, அவர்களுடைய சொந்தப் பயன்பாட்டுக்கும் கல்விக்கும் ஆய்வுக்கும் பகிரலாம். அச்சைப் படிக்க இயலாதவர்களுக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதன்முதலாக ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான். ஆனால் கோப்பை அந்த மாணவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வகுப்புக் குழுவில் போட்டுவிட்டு இந்த விலக்கைக் காட்ட முடியாது.

பதிவு 14: பார்வையற்ற ஆய்வு மாணவர், இராயபுரம்

எழுத்து சரியாகிவிட்டது என்றால் பாதி வழிக்கு மேல் வந்துவிட்டீர்கள். மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

எழுத்துணரிக்கு எழுத்து தெரியும். எது தலைப்பு, எது பத்தி என்று தெரியாது. தடித்த எழுத்தில் பெரிதாக இருப்பதால் அது தலைப்பு என்று கண் உணர்கிறது. என்விடிஏவுக்கு அது உள்ளே தலைப்பு என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். வேர்டில் எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்காமல், பாணிப் பட்டியலில் உள்ள தலைப்பு 1, தலைப்பு 2 ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். அப்படிச் செய்த கோப்பில், என்விடிஏவின் உலாவும் நிலையில் எச் விசையை அழுத்த அழுத்த நான் ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவிப் போவேன். அது இல்லாத நூறு பக்கக் கோப்பு என்பது, உள்ளடக்கப் பட்டியலும் பக்க எண்ணும் கிழிக்கப்பட்ட புத்தகம். ஆகவே இறுதிக் கோப்பைப் பிடிஎஃப் ஆகத் தராமல் வேர்டாகவே தந்துவிடுங்கள். தமிழ் எழுத்துகளைப் பொறுத்தவரை, பிடிஎஃப் ஆக்கும்போது கொம்பும் எழுத்தும் இடம் மாறிக்கொள்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

அட்டவணைகள் இருந்தால் மெய்யான அட்டவணையாகப் போடுங்கள். இடைவெளி விசையை அழுத்தி அழுத்தி நேராக்கியவை எனக்கு ஒரே கலவையாக வரும். வரைபடங்களுக்கு அடியில் "படம் 3" என்று எழுதுவதால் எனக்குப் பயனில்லை. 1914 செப்டம்பர் 22 அன்று எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியதைக் காட்டும் வரைபடம் உங்கள் தாளில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கப்பல் எந்தத் திசையில் நின்றது, எண்ணெய்த் தொட்டிகள் துறைமுகத்திலிருந்து எந்தப் பக்கம் இருந்தன என்று நீங்கள் வகுப்பில் விரலால் சுட்டிக்காட்டிச் சொல்வதை அப்படியே நான்கு வரியில் எழுதிவிட்டால் அதுவே எனக்கு வரைபடம். இதை எந்தக் கருவியாலும் செய்ய முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் தேர்வில் எதைக் கேட்பீர்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

பதிவு 15: டிடிபி கடை வைத்திருப்பவர், பழைய வண்ணாரப்பேட்டை

ஒருங்குறியிலேயே அடித்துத் தருகிறேன், அம்மா. தலைப்புகளையும் தம்பி சொன்னபடி பாணியில் வைத்துவிடுகிறேன். இத்தனை ஆண்டுகள் நான் அடித்த எல்லாமே கண்ணுக்கு மட்டும் தலைப்பாக இருந்திருக்கிறது. ஆனால் நீங்கள் அனுப்பிய ஜெராக்ஸில் பதினேழாம் பக்கத்தின் கடைசி மூன்று வரிகள் மடிந்த மூலைக்குள் போயிருக்கின்றன. இருபத்திரண்டாம் பக்கத்தில் ஸ்டேபிளர் முள் ஓர் ஆண்டின் மேலேயே குத்தியிருக்கிறது. ௧௯ தெரிகிறது, அடுத்து இருப்பது ௧வா ௨வா என்று சொல்ல முடியவில்லை. இரண்டு இடங்களையும் காலியாக விட்டு, "மூலத்தில் தெளிவில்லை" என்று எழுதியிருக்கிறேன். ஊகித்து அடிக்கவில்லை.

பதிவு 16: வரலாற்று ஆசிரியை, தண்டையார்பேட்டை

ஊகிக்காமல் விட்டதற்கு நன்றி, அண்ணா. அந்த நூலின் பிரதி எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் இருப்பதாகப் பட்டியலில் பார்த்தேன். சனிக்கிழமை போகிறேன். மாணவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பதிவு 17: மென்பொருள் பணியாளர், வியாசர்பாடி

படம் எடுக்க அனுமதித்தால், பக்கத்தை விளிம்போடு முழுவதும் எடுங்கள், மேடம். எடுத்ததும் அங்கேயே பெரிதாக்கி, புள்ளிகள் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டு நூலைத் திருப்பிக் கொடுங்கள். அனுப்பும்போது ஆவணமாக.